காலிப்சோ ஆர்க்கிட்: ஒற்றை இலை, ஒற்றைப் பூ

ஒரு செடிக்கு ஒரே ஓர் இலை. ஆண்டுக்கு ஒரே ஒரு பூ. உயரம் பெரும்பாலும் 10 முதல் 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். உலகின் வடக்கே, குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளின் நிழலில் வளரும் காலிப்சோ ஆர்க்கிட் இவ்வளவுதான். ஆனால் அதைக் காட்டில் நேரில் பார்த்தவர்கள் லேசில் மறப்பதில்லை. பாசி படர்ந்த தரையிலிருந்து மெல்லிய தண்டு ஒன்று எழும்பி நிற்கும். அதன் நுனியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ தலை கவிழ்ந்து தொங்கும்.

சென்னையில் ஆர்க்கிட் வளர்க்கிறவர்கள் இதன் படத்தைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மொட்டை மாடியில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் வருகிறதே, இது வராதா?" என்பதுதான். வராது. குளிர்சாதன அறையில் வைத்தாலும் வராது. ஊட்டிக்குக் கொண்டுபோனாலும் வராது. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாலே இந்தச் செடி எப்படி வாழ்கிறது என்பது விளங்கிவிடும்.

எங்கே வளர்கிறது

அறிவியல் பெயர் காலிப்சோ பல்போசா. இந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம்தான். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைச் சிப்ரிபீடியம் என்ற செருப்பு ஆர்க்கிட் கூட்டத்தில் சேர்த்திருந்தார். பிறகு வந்தவர்கள் தனியாகப் பிரித்தார்கள். அலாஸ்காவிலிருந்து கனடா, ராக்கி மலைத்தொடர், கலிபோர்னியாவின் வடபகுதி வரை வட அமெரிக்காவில் பரவியிருக்கிறது. ஐரோப்பாவில் ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகியவற்றின் வடபகுதிகளிலும், ஆசியாவில் சைபீரியா, சீன மலைகள், ஜப்பான் ஆகிய இடங்களிலும் உண்டு. இடத்துக்கு இடம் சிறு வேறுபாடுகள் இருப்பதால் நான்கு வகைகளாகப் பிரிக்கிறார்கள். ராக்கி மலைப் பக்கத்துப் பூவின் வாயில் மஞ்சள் மயிர்க்கற்றை பளிச்சென்று தெரியும். பசிபிக் கரையோரப் பூவில் அந்த மயிர் வெள்ளையாக இருக்கும், இதழில் ஊதாப் புள்ளிகள் அதிகம்.

பரப்பு இவ்வளவு பெரிதாக இருந்தும் இது ஏன் அரிது? தேவைகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி வருவது அரிது என்பதால்தான். தலைக்கு மேல் ஸ்ப்ரூஸ், ஃபிர், பைன் போன்ற மரங்களின் நிழல் வேண்டும். காலடியில் ஆண்டாண்டாக உதிர்ந்து மட்கிய ஊசியிலை மெத்தை வேண்டும். கோடையிலும் மண் சூடேறக் கூடாது, ஈரம் அடியோடு காயக் கூடாது, ஆனால் தண்ணீரும் தேங்கக் கூடாது. பின்லாந்தில் சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் நிற்கும் ஸ்ப்ரூஸ் காடுகளில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அங்குள்ள ஓலங்கா தேசியப் பூங்காவின் சின்னமே இந்தப் பூதான். மலை இல்லாத இடங்களிலும், குளிர்ந்த சதுப்புக் காடுகளில் தலைகாட்டும். இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் 1864இல் இதைக் கண்டு மெய்மறந்தது கனடாவின் ஒன்டாரியோ பகுதியிலிருந்த அப்படியொரு சதுப்பில்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பைன் காடு இருக்கிறதே என்று. அவை மனிதர் நட்ட மரங்கள். தென்னிந்திய மலைகளின் இயற்கைக் காடு சோலையும் புல்வெளியும்தான். நட்ட பைன் மரத்தடியில் ஊசியிலை உதிர்ந்து கிடக்கும். ஆனால் குளிர்நாட்டுக் காடுகளில் அந்த மெத்தைக்குள் ஊறிக் கிடக்கும் உயிர்களும் நீண்ட பனிக்காலமும் அங்கே இல்லை.

தலைகீழான பருவம்

பெரும்பாலான செடிகள் வசந்தத்தில் துளிர்த்துக் கோடையில் செழித்துக் குளிரில் உறங்கும். காலிப்சோ இதற்கு நேர்மாறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, காடு குளிரத் தொடங்கும்போது, கிழங்கிலிருந்து இலை வெளிவரும். அந்த ஆண்டுக்கு அது ஒன்றுதான். கரும்பச்சை நிறம், முட்டை வடிவம், நீளவாக்கில் மடிப்பு மடிப்பாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அடிப்பக்கம் சில நேரம் ஊதா படர்ந்திருக்கும். இலையுதிர்காலம் முழுவதும் அது வேலை செய்து கிழங்கில் உணவு சேர்க்கும். பிறகு பனி விழுந்து மூடும். வெளியே காற்று மைனஸ் 20 டிகிரிக்குப் போனாலும், ஆழமான பனிப்போர்வைக்கு அடியில் தரை உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதனால் இலை கருகாமல் பச்சையாகவே பனிக்காலத்தைக் கடந்துவிடுகிறது. பனி உருகியதும் அதே இலை மறுபடி வேலையைத் தொடங்கும். அடுத்த சில வாரங்களில் பூத்தண்டு எழும். பூத்து முடிந்ததும் இலை மஞ்சளாகிக் காய்ந்துவிடும். கோடையின் உச்சத்தில் மண்ணுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. காயாகாத செடி அங்கே இருந்ததற்கு அடையாளமே தெரியாது.

ஏன் இப்படி? ஊசியிலைக் காட்டில் மரங்கள் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் நிழல்தான். கோடையில் மேல்மண் காய்ந்தும் போகும். தரையோடு கிடக்கும் ஒரு சிற்றிலைக்கு ஈரமும் குளிர்ச்சியும் போதிய வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும் காலம் இலையுதிர்காலமும் முன்வசந்தமும்தான்.

சென்னையில் சிலர் டியூலிப் கிழங்கைப் பல வாரங்கள் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரூட்டிப் பிறகு தொட்டியில் வைத்துப் பூக்க வைக்கிறார்கள். டியூலிப்பில் அது நடக்கும். காரணம், குளிர்காலத்தில் டியூலிப் வெறும் கிழங்காக உறங்குகிறது, உணவும் உள்ளேயே இருக்கிறது. காலிப்சோவுக்கு இந்த வழி உதவாது. குளிர்ச்சியான மாதங்களில்தான் அதன் இலை விரிந்து வெளிச்சம் வாங்கிச் சம்பாதிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் குளிர் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. மாடியில் வெளிச்சம் இருக்கிறது, குளிர் இல்லை. ஜனவரி இரவில்கூடச் சென்னையின் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. மே மாதத்தில் 40ஐத் தொடும்.

மண்ணுக்கு அடியில் இருக்கும் துணை

வெப்பத்தை எப்படியோ சமாளித்தாலும் இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அது பூஞ்சை.

அவரை விதையைப் பிளந்தால் உள்ளே இரண்டு பருத்த பருப்பு இருக்கும். முளை வெளிவந்து இலை விடும்வரை அதுதான் சாப்பாடு. ஆர்க்கிட் விதையில் அப்படி எதுவும் இல்லை. மெல்லிய உறைக்குள் சில செல்களாலான கரு, அவ்வளவுதான். நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. எடை சில மைக்ரோகிராம். ஒரு காலிப்சோ காய்க்குள் இத்தகைய விதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். காய் வெடித்ததும் காற்றில் தூசியாகப் பறந்துபோகும்.

இப்படி விழுந்த விதை தானாக முளைக்காது. மட்கும் தரையில் வாழும் பொருத்தமான பூஞ்சையின் இழை அதைத் தொட்டு உள்ளே நுழைய வேண்டும். இழைகள் செல்களுக்குள் போய்ச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்ளும். கரு அந்தச் சுருள்களைச் செரித்து, பூஞ்சை வெளியிலிருந்து கொண்டுவந்த சர்க்கரையையும் தாதுக்களையும் எடுத்துக்கொள்ளும். ஆக, முளைக்கும் பருவத்தில் செடி பூஞ்சையைத் தின்றுதான் வளர்கிறது. முதல் இலை வரும்வரை மண்ணுக்குள்ளேயே இந்த வாழ்க்கை தொடரும். பூஞ்சை வராத இடத்தில் விழுந்த விதைகள் அப்படியே அழியும். அவைதான் பெரும்பான்மை.

விதை முளைக்கப் பூஞ்சை தேவை என்பதை 1899இல் பிரான்சின் நோயல் பெர்னார், வேறோர் ஆர்க்கிட்டின் நாற்றுகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், பூஞ்சை தரும் சர்க்கரையை நாமே அகார் என்ற கூழ் ஊடகத்தில் கலந்து கொடுத்தால் பூஞ்சை இல்லாமலும் பல ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று சென்னை நர்சரிகளில் கிடைக்கும் டென்ட்ரோபியமும் ஃபலனாப்சிஸும் ஆய்வகக் குடுவையில் பெருக்கப்பட்டவை. அவை மரக்கிளையில் தொற்றி வாழும் வெப்பமண்டல இனங்களின் வழிவந்தவை. அவற்றின் தடித்த வேர் காற்றிலிருந்தே ஈரம் வாங்கும். அதனால்தான் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட துளைத்தொட்டியில் மகிழ்ச்சியாக வாழ்கின்றன. காலிப்சோ தரையில் வாழ்வது. வளர்ந்த பிறகும் அதன் பூஞ்சை உறவு அறுவதில்லை.

பெயர்த்தால் என்ன ஆகிறது

காலிப்சோவின் கிழங்கு சின்ன வெங்காயத்தைவிடப் பெரிதாக இருக்காது. அது மண்ணில் ஆழமாகவும் புதைந்திருக்காது. இலைமட்கின் மேலடுக்கிலேயே, சில சமயம் பாசிக்கு நேர் அடியிலேயே கிடக்கும். வேர்கள் ஒரு சிலதான், அவையும் மெல்லியவை. பூவை மட்டும் கிள்ளலாம் என்று தண்டைப் பிடித்து இழுத்தாலே வேர் அறுந்து கிழங்கு மேலே வந்துவிடும். பக்கத்தில் முழங்கால் ஊன்றினால் போதும், அடியில் கிடக்கும் இன்னொரு கிழங்கு நசுங்கும். இலையை மிதித்தால் ஒரு வருடத்து வருமானமே போயிற்று, ஏனென்றால் மாற்று இலை அந்த ஆண்டு வராது.

மண்ணோடு பெயர்த்தெடுத்தாலும் தப்பிப்பதில்லை. ஏமாற்றுவது முதல் ஆண்டுதான். கிழங்கில் ஏற்கெனவே சேமிப்பு இருப்பதால் புது இடத்திலும் ஒருமுறை இலை விடும், பூக்கக்கூடச் செய்யலாம். பெயர்த்தவர் வெற்றி என்று நினைப்பார். கூடவே வந்த மண்ணில் பூஞ்சைக்கு உணவு தீர்ந்ததும் அது சாகும். அடுத்து வரும் இலை சிறிதாகும், பிறகு கிழங்கு சுருங்கும், பிறகு ஒன்றும் வராது. இது பிறந்த குளிர்நாடுகளிலேயே தோட்டத்துக்குப் பெயர்த்தவர்களுக்கு இதுதான் நடக்கிறது.

நாம் வழக்கமாகச் செய்யும் பராமரிப்பே இதற்கு எமனாகும். மழைக்காலம் வந்தால் ஆர்க்கிட் தொட்டிகளுக்குக் கார்பென்டாசிம், மான்கோசெப் தெளிப்பது இங்கே பலருக்குப் பழக்கம். அழுகலுக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லும் மருந்து, துணைப் பூஞ்சையை மட்டும் விட்டுவைக்காது. 19:19:19 உரம் கரைத்து ஊற்றுவதும் அப்படியே. ஏழை மண்ணில் பூஞ்சையோடு சேர்ந்து வாழப் பழகிய செடிக்கு உப்பு உரம் அந்த உறவையே குலைத்துவிடும்.

தேன் இல்லாத பூ

பூவை அருகிலிருந்து பாருங்கள், மேலே ஐந்து குறுகிய இதழ்கள் விரல் விரித்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். கீழே செருப்பின் முன்பகுதி போல் குழிந்த ஒரு பை. அதன் அடிநுனியில் இரண்டு சிறு கொம்புகள். பையின் வாயில் மயிர்க்கற்றை. உள்ளே ஊதாக் கோடுகள். பையின் வாய்க்கு மேலே குடையாகக் கவிந்திருப்பதுதான் ஆணும் பெண்ணும் ஒன்றாக இணைந்த பகுதி. மெல்லிய இனிய மணமும் உண்டு. தேன் இருப்பதற்கான அறிகுறிகள் எல்லாம் இருக்கின்றன. தேன் மட்டும் ஒரு துளி கிடையாது.

பனி உருகிய நேரத்தில் காட்டில் புதிதாக வெளிவருபவை பம்பிள் தேனீக்கள். நம் தேனீயைவிடப் பருத்து, உடல் முழுக்க மயிரோடு இருக்கும். குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்த ராணிகளுக்குப் பசி. எந்தப் பூவில் தேன் இருக்கும் என்ற அனுபவம் இன்னும் இல்லை. மயிர்க்கற்றையை மகரந்தம் என்று நம்பி ஒரு தேனீ பைக்குள் தலையை நுழைக்கும். உள்ளே ஒன்றும் கிடைக்காமல் பின்வாங்கும்போது அதன் முதுகு மேலேயுள்ள குடையில் உரசும். மகரந்தம் தூளாக இல்லாமல் திரண்ட கட்டியாக, பசையோடு முதுகில் ஒட்டிக்கொள்ளும். தேனீயின் கால் எட்டாத இடம் அது. இன்னொரு காலிப்சோவில் அதே தவற்றைச் செய்தால், அந்தக் கட்டி அங்குள்ள சூலக முடியில் படிந்துவிடும்.

சில பூக்களில் ஏமாந்ததுமே தேனீ கற்றுக்கொள்ளும், இந்தப் பக்கம் வராது. அதனால் காலிப்சோ பிழைக்கும் அவகாசம் மிகக் குறுகியது: தேனீக்கள் புதியவையாக இருக்கும் அந்தச் சில வாரங்கள் மட்டும். ஒரே இடத்துப் பூக்களிலும் நிறம், மணம், மயிரின் அடர்த்தி கொஞ்சம் மாறியிருப்பது தேனீ கற்பதைத் தாமதப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மகரந்தம் சேர்ந்த பூ சில நாட்களில் வாடிவிடும். சேராத பூ அதைவிட நீண்ட நாள் விரிந்தே காத்திருக்கும். காத்திருந்தும் பல பூக்கள் காயாவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு இந்த விகிதம் பெரிதும் மாறும். அதனால், காட்டில் ஒருவர் ஒரு பூவைப் பறிக்கும்போது காயாகக் கூடியதாக இருந்த அந்தச் சிலவற்றில் ஒன்றை எடுத்துவிடலாம்.

விதைப் பொட்டலம் வாங்காதீர்கள்

"அரிய ஆர்க்கிட் விதை, 50 எண்ணிக்கை" என்று இணையத்தில் பொட்டலங்கள் விற்கிறார்கள். மேலே சொன்னதை வைத்து நீங்களே சோதிக்கலாம். எண்ணக்கூடிய, விரலால் எடுக்கக்கூடிய விதை என்றால் அது ஆர்க்கிட்டே இல்லை. உண்மையான ஆர்க்கிட் விதையாகவே இருந்தாலும் மண்ணில் தூவினால் முளைக்காது. கிருமி நீக்கிய ஊடகமும் குடுவையும் ஆய்வக வசதியும் வேண்டும். பறவை, பொம்மை, குரங்கு வடிவப் பூக்களின் படம் போட்ட பொட்டலங்களுக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து கிழங்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. எல்லை தாண்ட உரிமம் வேண்டும். இந்தியாவுக்குள் செடி கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவை. அமெரிக்க, கனடியத் தேசியப் பூங்காக்களில் பறிப்பதே குற்றம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து சியாட்டிலுக்கும் வான்கூவருக்கும் கால்கரிக்கும் போகிற பெற்றோர் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கிளம்புகிறார்கள். காலிப்சோவின் பருவமும் அதுவே. பசிபிக் கரையோரத் தாழ்ந்த காடுகளில் ஏப்ரல், மே. பான்ஃப் போன்ற கனடிய ராக்கி மலைப் பகுதிகளில் மே கடைசியிலிருந்து ஜூன் வரை. உயரம் கூடக்கூடத் தள்ளிப்போகும்.

வெட்டப்படாத முதிர்ந்த காட்டில், நிழலான பாதையோரம் தேடுங்கள். நிமிர்ந்து நடந்தால் கண்ணில் படாது. பாதையில் நின்றபடியே, பாசி உள்ள இடங்களையும் மரத்தடிகளையும் மெதுவாகப் பாருங்கள். ஒன்று தெரிந்தால் அசையாமல் நின்று சுற்றிலும் தேடுங்கள், அருகில் இன்னும் சில இருக்க வாய்ப்புண்டு. அடையாளத்துக்கு இலையையும் பூவையும் எண்ணிப் பாருங்கள். ஒரே இலையும், செருப்பு போன்ற பையுள்ள ஒரே பூவும் என்றால் காலிப்சோ. பல இலைகளும் பெரிய பையும் இருந்தால் சிப்ரிபீடியம். தரையில் கொத்தாக இலைகள், நடு நரம்பில் வெள்ளைக் கோடு என்றால் குட்யெரா என்ற வேறோர் ஆர்க்கிட்.

படமெடுக்கப் பாதையை விட்டு இறங்க வேண்டாம். போனில் ஜூம் வைத்துத் தரை மட்டத்துக்குத் தாழ்த்தி எடுத்தால் பூவின் உட்புறமும் கிடைக்கும். குறுக்கே கிடக்கும் சுள்ளியையும் சருகையும் அகற்றாதீர்கள். அவைதான் ஈரத்தைக் காக்கின்றன. படத்தைப் பகிரும்போது இருப்பிடத் தகவலை நீக்கிவிடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தோண்டி எடுக்க ஆள் வரும்.

வெளிநாடு போக வாய்ப்பில்லாதவர்கள் இதே உயிர்முறையைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் மழைக்குப் பிறகு இளஞ்சிவப்புக் கதிராகப் பூக்கும் சத்தைரியம் நேபாலென்ஸும், வெள்ளைப் பூவிடும் ஹபனேரியா இனங்களும் தரை ஆர்க்கிட்டுகள்தான். மண்ணுக்கடியில் கிழங்கு, கூடவே பூஞ்சை, தூசி விதை எல்லாம் இவற்றுக்கும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் சாலையோரத்தில் கண்டால் மேலே சொன்ன அதே முறைதான்: தோண்டாமல், மிதிக்காமல் பாருங்கள்.

செப்டம்பரில் குளிர்நாட்டுக் காட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூ கிடைக்காது. ஆனால் அந்த மடிப்பு விழுந்த ஒற்றை இலை அப்போதுதான் புதிதாக வந்திருக்கும். இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த மே மாதம் தேடாமலே போய்ப் பார்க்கலாம்.